உங்களுக்குத் தெரியுமா? தையல் பிரித்தாச்சு, ஜிம்முக்குப் போகலாமா?

குடல்வால் ஆபரேஷன் முடிந்து வந்தவரை நம் வீடுகளில் பத்து நாள் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். பதினோராம் நாள் தையலைப் பிரித்துவிட்டு வந்ததும், "இனி ஒண்ணுமில்லையே, அந்த சிலிண்டரைக் கொஞ்சம் நகர்த்திக் கொடு" என்பார்கள். மருத்துவர்கள் சொல்வது இதற்கு நேர்மாறு: நடையை உடனே தொடங்கு, பாரத்தைத் தள்ளிப்போடு. இந்த இதழின் துணுக்குகள் பெரும்பாலும் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

★ இங்கிலாந்தின் ஏழாம் எட்வர்டு மன்னருக்கு 1902 ஜூன் 26-ம் தேதி முடிசூட்டு விழா என்று நாள் குறித்திருந்தார்கள். வெளிநாட்டு விருந்தினர்கள் லண்டனில் வந்து இறங்கியும் விட்டார்கள். இரண்டு நாள் முன்பு மன்னருக்குக் குடல்வால் பக்கம் சீழ்க்கட்டி. பக்கிங்ஹாம் அரண்மனையிலேயே ஃபிரெடெரிக் ட்ரீவ்ஸ் என்ற அறுவை நிபுணர் வயிற்றைத் திறந்து சீழை வெளியேற்றினார், குடல்வாலைத் தொடவில்லை. முடிசூட்டு விழா ஆகஸ்ட் 9-க்குத் தள்ளிப்போனது. இடையில் 46 நாள். அப்போதும், மரபுப்படி சூட்ட வேண்டிய 2 கிலோவுக்கு மேல் எடையுள்ள புனித எட்வர்டு கிரீடத்தைத் தவிர்த்துவிட்டு, எடை குறைந்த இன்னொரு கிரீடத்தைச் சூட்டினார்கள். மன்னர் இன்னும் முழுதாகத் தேறவில்லை என்பதுதான் காரணம்.

★ வீட்டுச் சமையல் சிலிண்டரில் இருக்கும் எரிவாயு 14.2 கிலோ. சிலிண்டரின் சொந்த எடை கிட்டத்தட்ட 15 கிலோ. ஆக, முழு சிலிண்டர் 30 கிலோவை ஒட்டி வரும். தண்ணீர் கேன் 20, அரிசிச் சிப்பம் 25, இடுப்பில் ஏறிக்கொள்ளும் இரண்டு வயதுக் குழந்தை 11 அல்லது 12. ஆபரேஷன் ஆனவரிடம் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் எல்லை 4, 5 கிலோ. துளை போட்டுச் செய்த லேப்ராஸ்கோபி என்றால் சுமார் 2 வாரத்துக்கு. வயிற்றைக் கீறிச் செய்த ஓப்பன் ஆபரேஷன் என்றால் 4 முதல் 6 வாரத்துக்கு. "நான்தான் ஜிம் பக்கமே போறதில்லையே" என்பவர்களுக்குத்தான் இந்தக் கணக்கு அதிகம் தேவைப்படுகிறது. ஈரத்துணி நிறைந்த பக்கெட்டும் மாவோடு இருக்கும் கிரைண்டர் பாத்திரமும் பல டம்பெல்களை விடக் கனம். குழந்தை தூக்கச் சொல்லி அழுதால், நீங்கள் உட்கார்ந்துகொண்டு அதை மடியில் ஏறவிடுங்கள்.

★ வெளித்தோல் ஒட்டிக்கொள்ள 7 முதல் 10 நாள் போதும். அதனால்தான் தையலை அவ்வளவு சீக்கிரம் பிரிக்கிறார்கள். ஆனால் வயிற்றுச் சுவரின் உண்மையான பலம் தோலில் இல்லை; அதற்கு உள்ளே தசைகளைப் போர்த்தியிருக்கும் வெண்மையான, கெட்டியான சவ்வில் இருக்கிறது. அது மெதுவாகத்தான் தேறும். காயம்பட்ட திசு 3 வாரத்தில் பழைய பலத்தில் கால் பங்கை எட்டினாலே அதிகம். 3 மாதத்தில் 80 சதவீதம் வரை வரும். முழு நூறு ஒருபோதும் வராது. வீடு கட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும்: காங்கிரீட் போட்ட மறுநாளே மேலே ஏறி நின்று தண்ணீர் ஊற்றலாம், ஆனால் சென்ட்ரிங்கைப் பிரிக்க நாள் பார்க்க வேண்டும்.

★ வலி இல்லை என்பதும் தேறிவிட்டது என்பதும் ஒன்றல்ல. லேப்ராஸ்கோபி செய்தவர்கள் இதில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள்.

★ அந்த லேப்ராஸ்கோபி முறையில் முதன்முதலாகக் குடல்வாலை எடுத்தவர் பொது அறுவை மருத்துவர் இல்லை. மகளிர் நோய் மருத்துவர். ஜெர்மனியின் கீல் நகரத்தில், 1980-ல், குர்ட் செம் என்பவர் அதைச் செய்தார். ஜெர்மன் அறுவை மருத்துவர்கள் பாராட்டவில்லை, கடுமையாக எதிர்த்தார்கள். இன்று உலகின் பெரும்பாலான பெரிய மருத்துவமனைகளில் அதுவே முதல் தேர்வு. வழக்கமாக மூன்று துளைகள். தொப்புளில் போடுவது சுமார் 1 செ.மீ., மற்ற இரண்டும் அதில் பாதி. பிற்காலத்தில் துளை வழியாகக் குடல் பிதுங்கி ஹெர்னியா வருவதாக இருந்தால் பெரும்பாலும் அந்தத் தொப்புள் துளையில்தான். உடற்பயிற்சிக்குத் திரும்பிய பிறகு இருமும்போதோ எடை தூக்கும்போதோ தொப்புளருகே ஒரு சின்ன வீக்கம் எழுந்து அடங்கினால், "கேஸா இருக்கும்" என்று விட்டுவிடாமல் ஆபரேஷன் செய்த மருத்துவரிடம் காட்டுங்கள்.

★ ஆபரேஷன் நடந்தது வயிற்றில், வலிப்பது தோள்பட்டையில். பயப்பட வேண்டாம். லேப்ராஸ்கோபியின்போது வயிற்றுக்குள் கார்பன் டைஆக்சைடு வாயுவை ஏற்றி, கருவிகள் புழங்க இடம் உண்டாக்குகிறார்கள். மிச்சம் தங்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. உதரவிதானத்தின் நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவதால், மூளை அதைத் தோள்வலியாகப் படித்துக்கொள்கிறது. இரண்டு மூன்று நாளில் தானே போய்விடும். வராந்தாவில் மெல்ல நடந்தால் இன்னும் சீக்கிரம் குறையும்.

★ நூறு வருடத்துக்கு முன்பு குடல்வால் ஆபரேஷன் ஆனவர்கள் இரண்டு வாரம்கூடப் படுக்கையிலேயே இருந்தார்கள். எழுந்தால் தையல் விட்டுப்போகும் என்று மருத்துவர்களே நம்பிய காலம். சிகாகோவின் எமில் ரீஸ் 1899-லேயே இதை மறுத்து எழுதினார், யாரும் கேட்கவில்லை. 1940-களில் டெட்ராய்ட்டின் டேனியல் லைட்ஹவுசர், ஆபரேஷன் ஆனவர்களைச் சீக்கிரம் எழுப்பி நடக்கவிட்டார். நுரையீரல் சிக்கல்களும் காலில் ரத்தம் உறைவதும் குறைந்தன, தையலும் விடவில்லை. இரண்டாம் உலகப் போரில் கட்டில் பற்றாக்குறை வந்தபோது மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். இன்று ஆபரேஷன் ஆன அன்று மாலையோ மறுநாள் காலையோ நர்ஸ் வந்து "எழுந்திரிங்க, ரெண்டு ரவுண்டு போங்க" என்று விரட்டுவதற்குப் பின்னால் இத்தனை கதை இருக்கிறது.

★ படுக்கை உடம்பை என்ன செய்யும் என்பதற்கு 1966-ல் டல்லாஸ் நகரில் நடந்த ஆய்வைவிடத் தெளிவான சாட்சி இல்லை. இருபது வயதுள்ள ஆரோக்கியமான 5 இளைஞர்களை 3 வாரம் படுக்கவைத்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் கால் பங்குக்கு மேல் சரிந்தது. அதே ஐவரை 30 வருடம் கழித்துச் சோதித்தபோது, முப்பது வருட வயது ஏறியதைவிட அந்த மூன்று வாரப் படுக்கைதான் அவர்களை மோசமாக வீழ்த்தியிருந்தது தெரிந்தது.

★ கட்டிலிலிருந்து நேராக எழுந்து உட்காருவது ஒரு முழு சிட்-அப். ஆபரேஷன் ஆன முதல் வாரம் அது கூடவே கூடாது. சரியான வழி: மல்லாந்து படுத்தபடியே முழங்கால்களை மடக்குங்கள். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒரு பக்கமாகப் புரளுங்கள். கால்களைக் கட்டில் விளிம்பிலிருந்து கீழே தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி, அடுத்த கையால் மெத்தையைத் தள்ளி எழுந்து உட்காருங்கள். உட்கார்ந்ததும் இரண்டு மூச்சு நிதானித்துவிட்டு நில்லுங்கள். யாராவது கையைப் பிடித்து முன்னால் இழுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இழுப்பவர் கை, அழுத்தம் உங்கள் வயிற்றில். தரையில் பாய் விரித்துப் படுப்பவர்கள் ஒரு வாரம் கட்டிலுக்கு மாறிக்கொள்வது நல்லது.

★ வயிற்றுக்குள் அழுத்தத்தை எகிறவைப்பது எது? 2005-ல் அமெரிக்காவில் ஆரோக்கியமான இளைஞர்களிடம் அளந்து பார்த்தார்கள். முதலிடத்துக்கு வந்தவை இருமலும் குதித்தலும். குனிந்து சிறு எடை தூக்குவதுகூட அவற்றுக்குப் பின்னால்தான். ஆகவே சளியும் இருமலும் உள்ளவர் முதலில் அதைத் தணித்துக்கொள்ள வேண்டும். இருமல் வந்தால் சின்னத் தலையணையை வயிற்றின் மேல் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு இருமுங்கள், தும்மலுக்கும் அதுதான். ஸ்கிப்பிங், பாக்ஸ் ஜம்ப் போன்ற குதிக்கும் பயிற்சிகள் வரிசையில் கடைசி.

★ கழிவறையில் முக்குவதும் எடை தூக்குவதுதான். சில வலி மாத்திரைகள் மலச்சிக்கலை உண்டாக்கும். தண்ணீர், வாழைப்பழம், கீரை, நடை; அதற்கும் அசையாவிட்டால் மருத்துவரிடம் கேட்டு ஒரு சிரப்.

★ சரி, வார வாரியாக என்ன செய்யலாம்? வெடிக்காத குடல்வாலை லேப்ராஸ்கோபியில் எடுத்தவருக்கு ஏறக்குறைய இப்படி: முதல் வாரம், ஒரு நாளைக்கு நான்கைந்து முறை, ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 நிமிட நடை, அதுவும் சமதளத்தில். இரண்டாம் வாரம், ஒரே மூச்சில் 20 முதல் 30 நிமிடம். நடந்துகொண்டே போனில் பேச முடிகிற வேகம்தான் அளவு. மூன்றாம், நான்காம் வாரத்தில் நிற்கும் சைக்கிள், மெல்லோட்டம், லேசான எடைகள். அதன் பிறகுதான் பழைய பயிற்சிகளை நோக்கி நகர்வது, அதுவும் முன்பு தூக்கிய எடையில் பாதியிலிருந்து. ஓப்பன் ஆபரேஷன் ஆனவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளலாம். இந்தக் கணக்கில் மருத்துவருக்கு மருத்துவர் வித்தியாசம் உண்டு. ஒருவர் 2 வாரம் என்பார், இன்னொருவர் 6 என்பார். திட்டவட்டமான ஆய்வுகள் குறைவு என்பதுதான் காரணம். உங்கள் வயிற்றைத் திறந்து பார்த்தவர் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டுக்காரருக்கு அவருடைய மருத்துவர் சொன்னதை அல்ல.

★ கே.எல்.ராகுலுக்குக் குடல்வால் அழற்சி என்று பஞ்சாப் அணி அறிவித்தது 2021 மே 2-ம் தேதி, ஐபிஎல் நடந்துகொண்டிருந்தபோது. அடுத்த சில நாளில் இங்கிலாந்து தொடருக்கான இந்திய அணியில் அவர் பெயர் வந்தது, ‘உடல் தகுதி பெற்றால்’ என்ற நிபந்தனையோடு. ஆகஸ்ட் 4-ல் நாட்டிங்ஹாம் டெஸ்டில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி 84 ரன். அடுத்த டெஸ்டில், லார்ட்ஸில், 129. நடுவே மூன்று மாதம் இருந்தது. அதற்கு நேர் எதிர் உதாரணம் அமெரிக்கக் கால்பந்து வீரர் பென் ராத்லிஸ்பெர்கர். 2006 செப்டம்பர் 3-ல் ஆபரேஷன். 15-ம் நாள் மைதானத்தில். அவருடைய அணி அன்று ஒரு புள்ளிகூட எடுக்காமல் 9-0 என்று தோற்றது. தோல்விக்கு ஆபரேஷன்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டில் எதைப் பின்பற்றுவது என்று கேட்டால், சம்பளமும் கோப்பையும் காத்திராத நாம் ராகுல் பக்கம் நிற்பதே மேல்.

★ டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால் வேறொரு வழியில் போனார். 2014 அக்டோபரில் குடல்வால் தொல்லை கொடுத்தபோது ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டு ஆடினார். நவம்பர் 3-ல் பார்சிலோனாவில் ஆபரேஷன். புத்தாண்டில் அபுதாபியில் திரும்பியபோது ஆண்டி முர்ரேயிடம் 6-2, 6-0 என்று சுருண்டார். காயம் ஆறிவிட்டாலும் ஆட்டத்தின் கூர்மை திரும்ப நாளாகும் என்பது ஜிம்மில் பழைய எடையைப் பார்த்து நொந்துபோகிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

★ ஓப்பன் ஆபரேஷன் என்றதும் தசையைத் துண்டு துண்டாக வெட்டியிருப்பார்கள் என்று நினைக்க வேண்டியதில்லை. நியூயார்க்கின் சார்லஸ் மக்பர்னி 1894-ல் சொல்லிக்கொடுத்த முறை, தசைநார்களை வெட்டாமல் அவை ஓடும் போக்கிலேயே விலக்கிவிட்டு உள்ளே போவது. ஆனாலும் அந்த இடம் வலது அடிவயிற்றின் பக்கவாட்டுத் தசை. உடம்பைத் திருகும்போது வேலை செய்வது அதுதான். பந்து வீசுவது, ஷட்டிலில் ஸ்மாஷ் அடிப்பது, சிலம்பம் சுற்றுவது ஆகியவற்றை நேர்க்கோட்டு ஓட்டத்துக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

★ யோகா என்றால் எல்லாமே மென்மை என்று ஒரு நம்பிக்கை. கபாலபாதி வயிற்றைத் துள்ளத் துள்ள அடிக்கும் பயிற்சி. நௌலி, மயூராசனம், தனுராசனம் எல்லாம் அடிவயிற்றை அமுக்கும் அல்லது இழுக்கும். சூரிய நமஸ்காரத்தில் வரும் புஜங்காசனம் தழும்பை நேரடியாக நீட்டும். இவற்றுக்கு 6 வாரம் பொறுக்கலாம். முதல் நாளிலிருந்தே செய்யக்கூடியது நிதானமான ஆழ்ந்த மூச்சு. நுரையீரலின் அடிப்பகுதி விரிந்து சளி தேங்காமல் இருக்க மருத்துவமனையிலேயே அதைச் செய்யச் சொல்வார்கள்.

★ வயிற்றுத் தசைக்கு முதல் பயிற்சி பிளாங்க் அல்ல. மல்லாந்து, முழங்கால் மடக்கி, மூச்சை விட்டபடியே தொப்புளை மெல்ல முதுகெலும்பு நோக்கி உள்ளே இழுத்து ஐந்து எண்ணும் வரை பிடித்துவிடுங்கள். பார்ப்பவருக்கு நீங்கள் சும்மா படுத்திருப்பதாகத்தான் தோன்றும். இது வலியில்லாமல் வந்தால் இடுப்பைத் தூக்கும் பாலம், பிறகு முழங்கால் ஊன்றிய பிளாங்க், அதன் பிறகு முழு பிளாங்க். சிட்-அப் எல்லாவற்றுக்கும் கடைசியில். இல்லாமலே போனாலும் நஷ்டமில்லை. எந்த எடையானாலும் தூக்கும் நொடியில் மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள்.

★ நீச்சல்? தையல் பிரிந்து, பொருக்கு உதிர்ந்து, ஈரக்கசிவு துளியும் இல்லாமல் ஆன பிறகுதான். கிணறும் குளமும் அதற்கும் பிறகு.

★ பைக் ஓட்டலாமா என்று கேட்கிறவர்கள் சென்டர் ஸ்டாண்டை மறந்துவிடுகிறார்கள். வண்டியைப் பின்னுக்கு இழுத்து ஸ்டாண்டில் ஏற்றுவதும் கிக்கரை உதைப்பதும் அடிவயிற்று வேலை. சைடு ஸ்டாண்டும் செல்ஃப் ஸ்டார்ட்டும் போதும். அதற்கும் முன்பு, சடாரென்று பிரேக் போட்டால் வயிறு சுளுக்கென்று இழுக்காத நிலை வர வேண்டும். தூக்கம் வரவைக்கும் வலி மாத்திரையை நிறுத்தியிருக்கவும் வேண்டும்.

★ பருப்பு சாப்பிட்டால் சீழ் வைக்கும், கத்தரிக்காய் கரப்பான், முட்டை ஆகாது என்று பத்தியம் போட்டு, மாதக்கணக்கில் ரசம் சோறு மட்டும் கொடுக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. புண்ணை மூடும் கொலாஜனே ஒரு புரதம். அதைக் கட்ட வைட்டமின் சி வேண்டும். மருத்துவர் வழக்கமான சாப்பாட்டுக்கு அனுமதித்துவிட்டால் பருப்பு, முட்டை, மீன், நெல்லிக்காய், கொய்யா எல்லாம் மருந்துக்குச் சமம். சீழ் வைப்பது கிருமி, பருப்பு அல்ல. கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரையும் சிகரெட்டும் தையலுக்குச் செய்யும் கெடுதலைப் பற்றி மட்டும் ஏனோ பத்தியம் போடுகிறவர்கள் பேசுவதே இல்லை.

★ வயிற்று பெல்ட் இருமும்போதும் நடக்கும்போதும் தெம்பு தரும். அதைக் கட்டிக்கொண்டால் எடை தூக்கலாம் என்று அர்த்தமில்லை.

★ 1961 ஏப்ரல் 30-ம் தேதி, அண்டார்டிகாவின் நோவோலாசரெவ்ஸ்கயா நிலையத்தில் இருந்த ஒரே மருத்துவர் லியோனிட் ரோகோசோவ், தன் குடல்வாலைத் தானே அறுத்து எடுத்தார். வயது 27. மரத்துப்போகும் ஊசி வயிற்றில் மட்டும்; ஒருவர் கண்ணாடி பிடிக்க, ஒருவர் கருவிகளை எடுத்துக்கொடுக்க, ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது. ஒரு வாரத்தில் தையலைப் பிரித்தார், இரண்டு வாரத்தில் வேலைக்குத் திரும்பினார். ஆஸ்திரேலியா தன் அண்டார்டிகா நிலையங்களில் குளிர்காலம் தங்கப்போகும் மருத்துவர்களின் குடல்வாலை முன்கூட்டியே எடுத்துவிடச் சொல்கிறது.

★ கத்தியே படாமல் ஆன்டிபயாடிக்கில் சமாளித்தவர்களும் உண்டு. 2020-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 1,552 பேர் கலந்துகொண்டார்கள். ஆன்டிபயாடிக் பிரிவில் இருந்தவர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு 90 நாளுக்குள் ஆபரேஷன் தேவைப்பட்டது. ஃபின்லாந்தின் ஐந்து வருடக் கணக்கில் அது பத்துக்கு நான்கை நெருங்கியது. இவர்களுக்கு ஆற வேண்டிய வெட்டு இல்லாததால் உடற்பயிற்சிக்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. வலது அடிவயிற்றில் பழைய வலி திரும்பினால் மட்டும் அதைத் தசைப்பிடிப்பு என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

★ பள்ளிக்கூடப் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் தேறுவார்கள். ஒரு வாரத்தில் வகுப்புக்குப் போய்விடலாம், பி.டி. பீரியடுக்கு மேலும் சில வாரம் விலக்குக் கடிதம் வேண்டும். புத்தகப் பையை யாராவது தூக்கிக்கொண்டு போகட்டும்.

★ கபடி, கால்பந்து, மல்யுத்தம் போன்றவற்றில் எதிராளியின் முழங்கால் உங்கள் தழும்பைக் கேட்டுக்கொண்டு வராது. 6 முதல் 8 வாரம், மருத்துவர் தொட்டுப் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகு.

★ நடையை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய அறிகுறிகள்: காய்ச்சல், அடங்கிய வயிற்றுவலி மறுபடி ஏறுவது, வாந்தி, வயிறு உப்புவது, தையலில் சிவப்பு அல்லது நாற்றத்துடன் கசிவு, ஒரு காலின் ஆடுதசை மட்டும் வீங்கி வலிப்பது, திடீர் மூச்சுத்திணறல். முதல் நான்கும் ஆபரேஷன் முடிந்து ஐந்து முதல் பத்து நாளில் வந்தால், உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். வீட்டுக்கு வந்து நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவருக்கும் அது வரும்.

★ டிஸ்சார்ஜ் சம்மரியை இன்ஷூரன்ஸ் ஃபைலில் செருகுவதற்கு முன் ஒரு முறை படியுங்கள். ஆபரேஷன் லேப்ராஸ்கோபியா, ஓப்பனா, லேப்ராஸ்கோபியில் தொடங்கி நடுவில் ஓப்பனுக்கு மாறியதா என்று அதில் இருக்கும். ‘பெர்ஃபொரேட்டட்’ என்று எழுதியிருந்தால் குடல்வால் உள்ளேயே வெடித்திருந்தது என்று பொருள். அப்படியானால் மேலே சொன்ன வாரக் கணக்குகள் உங்களுக்குச் செல்லாது. வயிறு முழுக்கப் பரவிய தொற்றிலிருந்து மீள்வதுதான் முதல் வேலை. ஆன்டிபயாடிக் கோர்ஸ் முடிந்து, பசி திரும்பி, மறுபரிசோதனையில் அனுமதி கிடைத்த நாளிலிருந்துதான் உங்கள் ‘முதல் வாரம்’ தொடங்குகிறது. ஜிம்மில் மறுபடி சேரும்போது அந்தத் தாளின் ஜெராக்ஸ் ஒன்றை ட்ரெயினர் கையில் கொடுத்துவிடுங்கள்.